மூக்கன் உட்கார வேண்டும்

ஊட்டி பெர்ன்ஹில் வீட்டின் பின்னறையில் சுகந்தி உட்காருகிறாள், எழுகிறாள், மறுபடி உட்காருகிறாள். எதிரே அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசி அவளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாக்ஸ். எடுத்ததைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "இன்னொருக்கா பாத்தர்லாமுங்க" என்று ஆளில்லாத அறைக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு மறுபடி எழுகிறாள். கேஸ் சிலிண்டர்காரரிடமும், கூரை ஒழுகலை அடைக்க வருகிறவரிடமும் அவள் சொல்வது இதைத்தான்.

அனிமேஷன் வேலை பார்க்கிறவள். கோவையில் படித்து, பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கும் லிங்கசாமியைக் கட்டிக்கொண்டு மலையேறினாள். வேலையும் கணினியோடு கூடவே ஏறி வந்துவிட்டது. இப்போது கையில் இருப்பது, பிள்ளைகள் கைபேசியில் ஆடும் ஒரு வீடியோ கேமை ஒன்றரை மணி நேரப் படமாக்கும் வேலையில் ஒரு துண்டு. அந்தக் கேமின் நாயகனுக்கு வாயில் நுழையாத பெயர். மூக்கு பெரிதென்பதால் சுகந்திக்கு அவன் மூக்கன்.

கேமில் மூக்கன் பாலைவனத்தில் ஓடுவான், தாவுவான், செத்து விழுவான், அடுத்த நொடி எழுந்து ஓடுவான். ஆடுகிறவர் விரலை எடுத்துவிட்டால் நின்றபடி மார்பை ஏற்றி இறக்குவான். ஓய்வென்று அவனுக்கு இருப்பது அவ்வளவுதான். உட்கார அவனுக்குத் தெரியாது. யாரும் அவனை உட்கார வைத்ததே இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரமும் ஓடிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும் என்று, கதை எழுதியவர்கள் நடுவில் ஓரிடம் வைத்தார்கள். ஊரையே பறிகொடுத்துவிட்டு மூக்கன் ஒரு பாறையில் உட்காருகிறான். அந்தச் சில நொடிகள் சுகந்திக்கு வந்து சேர்ந்தன. தானே உட்கார்ந்து படமெடுத்து, அதைப் பார்த்து அவனை அசைக்க வேண்டும்.

இத்தனை வருடமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஓடுகிறவர்கள்தான். படை ஓடும், குதிரை ஓடும், எலும்புக்கூடுகள்கூட ஓடும். "ஓட வெச்சு ஓட வெச்சே எனக்கு முட்டி தேஞ்சு போச்சுங்க. ஒருத்தனையாவது உக்கார வெச்சுப் பாத்தரோணும்" என்று லிங்கசாமியிடம் சொன்னாள். "கேம் பொம்மதான புள்ள" என்றார் அவர். கல்யாணப் பந்தியில் தன் இலையை மறந்துவிட்டு, அடுத்தவர் எந்தக் கையை ஊன்றி எழுகிறார் என்று பார்க்கிறவள் சுகந்தி. பொம்மை என்ற அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

காட்சியோ போன வேகத்தில் திரும்பித் திரும்பி வந்தது. வேலையைச் சரிபார்க்கும் அஸ்வந்த் அவளைவிடச் சின்னவன், மரியாதை தெரிந்தவன். வீடியோ அழைப்பில் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இவன் ஏன் குளிர்ல நடுங்குறான்? அது பாலைவனம்க்கா."

"நடுங்கலீங்களே தம்பி."

"தோளைப் பாருங்க. கையக் கொண்டுபோய்க் கக்கத்துல வைக்கிறான்."

பார்த்தாள். உண்மைதான். மூக்கன் தோளைக் காதுவரை தூக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கல் சில்லென்று இருக்குமோ என்று பயந்தவனாகப் பாறையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சேரிங்கிராஸில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊட்டிக்காரன் அப்படித்தான் உட்காருவான். தோளை இறக்கிவிட்டால் பிணமாகத் தெரிந்தான். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தாள், இன்னும் மோசம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் காட்சியை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அஸ்வந்த் மென்று விழுங்கிச் சொன்னான்.

மறுநாள் காலையில் வெயிலைத் தேடி மேட்டுப்பாளையம் பஸ் ஏறி பர்லியாரில் இறங்கினாள். குன்னூர் தாண்டியதும் மஃப்ளர் பைக்குள் போயிற்று; வளைவுகள் இறங்க இறங்க ஸ்வெட்டர்களும் போயின. பழக்கடைகளுக்கு அப்பால் வெயிலில் ஒரு கல் கிடந்தது. கைபேசியைப் பையில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். வியர்த்துக் கொட்டியது. ஒரு குரங்கு கொஞ்ச நேரம் பார்த்துச் சலித்துப் போய்விட்டது. பழக்கடை பாலாமணிக்கு அதைவிடப் பொறுமை அதிகம். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"ஏனுங்க, கிறுகிறுன்னு வருதுங்களா? மொதல்ல சித்த உக்காருங்க."

"உக்காரத்தானுங்க வந்தேன்" என்றாள் சுகந்தி. சிரிப்பு வரவில்லை. தண்ணீரைக் குடித்தாள், சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள், உட்கார்ந்தாள். இந்தத் தடவை எப்படி உட்காருவது என்று யோசிக்கத் தெம்பில்லை. தோள் தானாக இறங்கியது. கை எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. எத்தனை வருட அலுப்போ, மொத்தமாக அந்தக் கல்லில் உட்கார்ந்தது. கைபேசி பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அசைவாக மூக்கனுக்கு ஏற்றினாள். வெள்ளிக்கிழமை அஸ்வந்த் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். பிறகு, "இதாங்க்கா" என்றான். லிங்கசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், ஓஞ்சு போயிட்டான்" என்றார். அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் கால்வலிகூடத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நல்ல மழையில் அஸ்வந்த் கூப்பிட்டான்.

"அக்கா, எடிட்டிங்ல மாத்திட்டாங்க. முட்டி மடங்கினதுமே கட். உடனே எதிரிங்க வந்துருவாங்க, இவன் ஓடணும். கேம் ஆடுறவங்களுக்கு இவன் உக்காந்தா பிடிக்காதாம். பணம் போடுறவங்க சொல்லிட்டாங்க."

"அப்ப உக்காரவே மாட்டானுங்களா?"

"மாட்டான்க்கா."

"சரிங்க தம்பி."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். அலுப்புதான் வந்தது. புது வேலை வந்து கிடந்தது: மூக்கனும் எதிரிகளும் ஓடும் காட்சிகள், வரிசையாக. அவற்றைத் திறக்காமல், யாரும் வெட்டாத அந்தக் காட்சியைப் போட்டாள். மூக்கன் தள்ளாடி வந்தான், பாறையைப் பார்த்தான், முட்டி மடங்கியது, உட்கார்ந்தான், தோள் இறங்கியது. விட்டால் கணினி அதை முதலிலிருந்து தொடங்கி அவனை மறுபடி நடக்கவிடும். அதற்குள் சுகந்தி நிறுத்தினாள். திரையை அப்படியே விட்டுவிட்டு, அறை விளக்கை மட்டும் அணைத்து, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.