படத்தில் இல்லாத வசனம்

நேற்று ராஜபாளையம் பஸ்ஸில் அந்தப் பழைய படம் ஓடியது. கணவன் வீட்டை விட்டு நாயகி கிளம்பும் காட்சியில் அவள் சொல்லும் வசனத்துக்காகக் காத்திருந்தேன். அவள் வாய் திறக்காமலே படியிறங்கிப் போனாள்.

அந்த வசனம் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த அத்தை, மாமாவை விட்டு ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, மில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த வருடம் படம் வந்தது. தெருவில் முதலில் அந்தப் படத்தைப் பார்த்தவள் அவள்தான். சாயங்கால வெயில், ஈரக் குடங்கள், அத்தையின் தலைமுடியில் மினுங்கிய பஞ்சுத் தூசி. குழாயடியில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொறவு அவ என்ன சொன்னா மதினி?" என்றாள் அம்மா.

"'சோறாக்கி மூடி வச்சிருக்கேன், நாளைக்கு நீங்களே ஆக்கிக்கோங்க'ன்னா. வாரேன்னு சொல்லல. போறேன்னே சொல்லிட்டுப் போனா."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அதற்குப் பிறகு படம் பார்த்தவர்களும் அந்த வசனத்தைத் தியேட்டரில் கேட்டதாகவே சொன்னார்கள்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும், "படத்துல அவ ஒண்ணுமே பேசல அத்தை" என்றேன்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்படியா? உங்க மாமாவுக்கு நல்லாக் கேட்டுச்சே."