நான் நீட்டித்துக் கொடுத்த வாரண்டி

என் தங்கை மெர்சியின் புத்தம் புது லேப்டாப்பைக் கொன்றவன் நான். சாமியார் அல்ல. நானேதான்!

எங்கள் ஊர் கீழவைப்பாரில் யாரைக் கேட்டாலும் மாதா கோவில் பங்குச் சாமியாரைத்தான் கைகாட்டுவார்கள். நம்பாதீர்கள். உங்களிடம் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கே சில சமயம் வந்து தொலைக்கிறது.

படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அதனாலேயே, திருகாணி உள்ள எந்தப் பொருளையும் என் குடும்பத்தார் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை மெர்சிக்குக் கிடைத்தது. லேப்டாப் வாங்கத் தூத்துக்குடிக்கு என்னையும் கூட்டிப்போனாள்.

பில் போடும் முன் கடைக்கார அண்ணாச்சி சொன்னார்: "கூடுதல் வாரண்டி ஒண்ணு இருக்கு, சேத்துப் போட்டுக்கிடுங்க. கீழ விழுந்தாலும் தண்ணி பட்டாலும் கம்பெனிக்காரனே பாத்துக்கிடுவான். சாதா வாரண்டியில அதெல்லாம் வராது."

மெர்சி என் முகத்தைப் பார்த்தாள். "போட்டுருவோமா அண்ணே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலையை ஆட்டியிருக்க வேண்டும்! நானோ பெரிய மேதாவியைப் போலச் சிரித்தேன்.

"ஏளா, கம்ப்யூட்டர்ல எவன் தண்ணிய ஊத்துவான்? எல்லாம் யாவாரத் தந்திரம். நம்ம சாமியாரக் கூப்பிட்டு மந்திரிச்சாப் போதும். அதவிட என்ன வாரண்டி வேணும்?"

மறுபேச்சு இல்லாமல் என்னை நம்பினாள். அதுதான் இன்னும் குத்துகிறது.

புதுப் படகோ, புது பைக்கோ, சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்காமல் நாங்கள் எதையும் தொடமாட்டோம். ஞாயிறு பூசை முடிந்ததும் வந்தார். மனிதர் விவரமானவர். லேப்டாப்பை மூடச் சொல்லி, விரல் நுனியால் மேலே இரண்டே சொட்டுத் தெளித்தார். மக்ரூன் ஒன்றைக் கடித்தார், தேநீர் குடித்தார், போய்விட்டார்.

எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டே சொட்டா? கூடுதல் வாரண்டியைத் தடுத்தவன் நானல்லவா... நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? சாமியார் கொடுத்தது சாதா வாரண்டி. அதைக் கொஞ்சம் நீட்டித்து வைப்போமே என்று தோன்றிவிட்டது!

மெர்சி அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரியில், தீர்த்தம் நிரப்பிய மாதா உருவ பாட்டில் நின்றது. மாதாவின் கிரீடம்தான் மூடி. திருகினேன். லேப்டாப்பைத் திறந்து, ஓர் எழுத்தும் விட்டுப்போகாமல், பக்தியோடு தெளித்தேன். என் கை சற்றுத் தாராளமான கை. துண்டால் ஒற்றிவிட்டு மூடினேன். அப்பப்பா, என்ன நிம்மதி!

மறுநாள் அது கண்ணைத் திறக்கவேயில்லை.

சர்வீஸ் சென்டரில் அதைக் கழற்றிப் பார்த்த பெண், "உள்ள தண்ணி போயிருக்கு சார், போர்டே போச்சு. சாதா வாரண்டியில வராது. கூடுதல் வாரண்டி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

மெர்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், "சாமி தெளிச்ச தண்ணி இடுக்கு வழியா எறங்கிட்டு போல" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது... "இருக்கும், இருக்கும்" என்றேன். எப்பேர்ப்பட்ட கோழை நான்!

அதன்பின் மாதக்கணக்கில் கைபேசியின் குட்டித் திரையில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாடம் நடத்தினாள் மெர்சி. நான் பக்கத்து அறையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? சாமியாருக்கு 'ஷார்ட் சர்க்யூட் சாமி' என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றிலிருந்து மின்சாரப் பொருள் எதன்மேலும் அவர் தீர்த்தம் தெளிப்பதில்லை. மிக்சியாக இருந்தாலும் வாசலில் நின்றே கையைத் தூக்கிச் சிலுவை போடுகிறார். "கொஞ்சம் கிட்ட வாங்க சாமி" என்றால், "வேண்டாம்யா, இங்கனயே நிக்கேன்" என்கிறார்.

பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பவரே அவர்தானே! கோபம், பொறாமை என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு இதை மட்டும் விழுங்கிவிடுவேன்.

இந்தத் தவக்காலத்தில் எப்படியோ துணிந்தேன். பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன் முழங்காலிட்டு, "சாமி... மெர்சி லேப்டாப் விசயமா..." என்று ஆரம்பித்தேன்.

முடிக்க விடவில்லை. கம்பிவலைக்கு அப்பால் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நானே ஒங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்யா. அந்தப் பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். ஊரு சிரிக்கையில நானும் சிரிக்கேன், ஆனா மனசு கேக்க மாட்டேங்கு. நீ என்னய மன்னிக்கணும்."

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான், "மன்னிச்சிட்டேன் சாமி" என்றேன்.