காய்ந்த கை

காலைச் சங்கு ஊதும் முன்பே கல்மண்டபத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். "ஆரோக்கியம் அண்ணன் பூட்டாரு" என்றான். என் நினைவுக்கு முதலில் வந்தது அவர் முகமல்ல, வலது கை. இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

திருவொற்றியூர்ப் பட்டறையில் நாங்கள் இருவரும் தொட்டால் உணரும் தாள் செய்துவந்தோம். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, வளையும் பிளாஸ்டிக் தாளில் மெல்லிய படலமாகப் படியவைப்பது என் வேலை. அதைத் தகடு வெட்டும் பிரஸ்ஸின் வாயில் ஒட்டி இணைப்புக் கொடுப்பது அவர் வேலை. கை பட்டால் பிரஸ் நிற்க வேண்டும். சில தாள்களைப் பென்சிலில் சுற்றிப் பிரித்தாலே படலம் வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று போதும், யாருடைய விரலாவது போய்விடும்.

மரக்கட்டையைத் தாள் உணராது. அதனால் காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிவந்து பிரஸ்ஸுக்குள் நீட்டுவோம். நின்றால் மத்தியானம் எங்களுக்குக் குழம்பு. நிற்காவிட்டால் பூனைக்கு விருந்து. மீன் முழுசாக வந்தாலும் அவர் விடமாட்டார். "மீனு ஈரமாக் கீது நைனா. ஆளுங்க காஞ்ச கையோடதானே வேலை செய்வாங்க?" என்று துண்டில் உள்ளங்கையை அழுத்தித் துடைத்து, உள்ளே வைப்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

தாளைச் செய்தவன் நான், கையை வைத்தவர் அவர். இது என்ன நியாயம்? ஒருநாள் அவருக்குக் கடும் காய்ச்சல். "இன்னிக்கி நீ வெச்சுப் பாரு" என்று சொல்லியனுப்பினார். மீனுக்கு நின்றது. என் கையைக் கொண்டுபோனேன், உள்ளே போக மறுத்துவிட்டது. மத்தியானம் அவரே போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். துண்டில் உள்ளங்கையைத் துடைத்துத் தன் கையை வைத்தார். பிரஸ் நின்றது. "கொழம்பு ஆறிப்பூடும், வா" என்றார்.

சவப்பெட்டியில் ஜெபமாலை சுற்றிய அவர் கைகளில் விரல்களெல்லாம் முழுசாக இருந்தன. அதைப் பார்த்ததும் நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "நான் வைக்க வேண்டிய கையை அவர் வைத்தார் அண்ணி" என்று அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணியிடம் உளறிவிட்டேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பயமா இல்லியான்னு நானும் கேப்பேன்பா. 'தாளு அவன் செஞ்சது, எனக்கு இன்னா பயம்?'னுவாரு."

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் புதுத் தாள் ஒன்றைப் பொருத்தினேன். ஆணியில் தொங்கிய அவருடைய துண்டை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். கையை உள்ளே வைத்தேன். பிரஸ் நின்றது.

ஆனால் எத்தனை முறை துடைத்தும் என் கை ஈரமாகவே இருந்தது, ஆரோக்கியம் அண்ணே. அந்தச் சோதனை கணக்கில் சேராது.