மாடி வீட்டு நிலவுக்கு நான் வைத்த மஞ்சள்

எங்கள் தெருவுக்கு இருந்த மதிப்பு தெருவால் வந்ததல்ல. எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கு வந்துவிடும். இருந்தும் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காது. காரணம், பின்னாலேயே இருந்த பள்ளிக்கூடம். "ஸ்கூலுக்கு நடந்தே போயிரலாமுங்க" என்று ஒரு வரியில் புரோக்கர்கள் வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். கோவையின் காலை நெரிசலில் பிள்ளையோடு சிக்கியவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். அதே தெருவில் ஒரு வீட்டின் பின்பக்கம் குடியிருந்தேன். முன்பக்கத்தில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும்.

தை மாதக் கடைசியில் ஆசிரியர் கூட்டம் போட்டுத் தாளாளர் சொன்னார்: பள்ளி சூலூருக்கு அந்தப்பக்கம் போகிறது, அடுத்த வருடம் ஜூனில். புதுக் கட்டடத்துக்குப் பெற்றோரிடம் நன்கொடை கேட்கப்போகிறோம். அது வந்து சேரும்வரை இடம் எங்கே என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் குரலை உயர்த்தவில்லை. என் மகள் அங்கேதான் ஃபீஸ் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

அதே வாரம் வீட்டுக்காரர் வந்தார். பம்ப்செட் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணம் மொத்தத்தையும் போட்டு மாடி கட்டலாம் என்று யோசனை. பள்ளிப் பிள்ளைகளின் குடும்பம் ஒன்று குடி வந்தால், அந்த வாடகையில் இருவரும் யாரிடமும் கை நீட்டாமல் காலம் தள்ளிவிடலாம்.

"ஏனுங் டீச்சர், நீங்க ஸ்கூல்லயே இருக்கறவங்க. மாடி எடுத்துப்போடலாமுங்களா?"

"யோசிச்சுச் செய்யுங்கண்ணா" என்றேன்.

எங்கள் பக்கம் வேண்டாம் என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்றாலே கேட்டவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவர் என் சொல்லைத் தட்டவில்லை. பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் செங்கல் வந்து இறங்கியது.

அதற்குப்பின் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தலைக்கு மேலே சட்டியில் கலவை கொட்டும் சத்தம் கேட்டால் கல்லில் தோசை கருகும். பத்தாம் வகுப்புத் தாளில் தப்பான விடைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்; ஒரு மாணவி வந்து திருத்திக்கொடுத்தாள். வகுப்பில் பிள்ளைகள் நன்கொடைக் கவரை நீட்டும்போது நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி வைத்தேன். மைதானத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பப்போகிறது என்றே அவர்களின் வீட்டில் நினைத்துக் கொடுத்திருப்பார்கள்.

என் கணவர் ஒருநாள் கடுப்பாகிவிட்டார். "சொல்லிப்போடு அம்மணி. இல்லைன்னா மறந்துபோடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு, ஊட்டுக்குள்ள இப்படி நடந்துக்கிட்டே இருக்காத."

சொல்லவும் இல்லை, மறக்கவும் இல்லை. சித்திரையில் மாடிக்கு நிலவு வைத்தார்கள். வாசக்காலை நிறுத்தும் அந்தப் பூஜைக்கு அக்கா, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "டீச்சர் கையில மஞ்சள் வெச்சா குடி வர்றவங்க படிச்சவங்களா வருவாங்க" என்று கிண்ணத்தை என் கையில் திணித்தார். அப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொத்தனார், பக்கத்து வீட்டார், சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுக் கேசரியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆவணியில், கவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தபின், பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார்கள். "எங்ககிட்டயே வாங்கி எங்களையே விட்டுட்டுப் போறீங்களா?" என்று ஒரு அம்மா எழுந்து கேட்டார். பதிலாக டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவில் நான்கு வாசலில் டு-லெட் பலகை தொங்கியது. புரோக்கர்கள் சூலூர்ப் பக்கம் சைட் காட்டப் போய்விட்டார்கள்.

ஒரு காலை, முன்பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் பேசுவது சமையலறைக்குக் கேட்டது. "உங்க டீச்சருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

"சும்மா இருப்பா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். இனியும் உள்ளே நின்றிருந்தால் நான் மனுசியே இல்லை. "எனக்குத் தெரியுங்கண்ணா" என்றேன்.

வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எப்பங்க தெரியும்?"

"தையிலயே."

"செங்கல் எறங்கறதுக்கு முன்னாலயா?"

"ஆமாங்க."

டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சரிங்க டீச்சர்" என்று சொல்லி உள்ளே போனார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஐப்பசியில் ஓர் இளம் தம்பதி மாடியைப் பார்க்க வந்தார்கள், இடுப்பில் குழந்தையோடு. இரண்டு மாதத்தில் வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வீடு பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது. "ஸ்கூலும் பக்கத்துலயே. பாப்பாவை அங்கயே சேத்திக்கலாமுங்க" என்றாள் அந்தப் பெண், படியிறங்கியபடி.

"ஸ்கூல் வர்ற ஜூன் வரைக்குந்தானுங்க" என்றார் வீட்டுக்காரர். "அப்புறம் சூலூர் தாண்டிப் போயிருது. தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பாமல் மாடி ஏறி ஜன்னல்களைச் சாத்தினார். முன்பின் தெரியாத அவர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.