மாஸ்டரின் வெறுங்கால்

அவளுக்கு வைத்த பேர் ஒன்று, வழங்கிய பேர் கொட்டி. எந்தப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாலும் பாதி வழியில் பாதியைக் கொட்டிவிடுவாள் என்று, ஆறு வயதில் அவளுடைய அக்கா சூட்டிய பேர். அக்கா கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். கொட்டிக்குச் செருப்பு வார் மாட்ட வந்தது ஒன்பது வயதில். சைக்கிள் வரவே இல்லை. காகிதத்தைக் கத்தரித்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். கதவு நிலையில் தோளை இடிக்காமல் ஒரு நாள் போனால் அது அதிசயம். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு அடி, மைதானத்தில் கேலி, வீட்டில் "கவனம் எங்கடி இருக்கு?" என்ற ஒரே கேள்வி. கவனமெல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. ஒரு டம்ளரைச் சிந்தாமல் கொண்டுபோக அவள் செலவழித்த கவனத்தில் மற்றவர்கள் ஒரு வீட்டையே கட்டி முடித்திருப்பார்கள். அதை யார் கேட்டார்கள்?

எப்படியோ நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி அறையில் வேலையும் கிடைத்தது. அந்த அறையில் ஐந்து மேசை, ஐந்து தொலைபேசி. ஒட்டடை படிந்த ஒரு மின்விசிறி. அங்கே அவள்தான் ராணி. எந்தத் தெருவில் எந்த வால்வு, எந்தக் குழாய் எந்த வருஷம் மாற்றியது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வெறிபிடித்துக் கத்துகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டதும் அடங்கிப்போவார்கள். போனில் பேசுகிறவளின் கையை யாரும் பார்ப்பதில்லை. பதினாறு வருஷம் அவள் நிம்மதியாக இருந்தது அந்த நாற்காலி ஒன்றில்தான்.

அந்த நாற்காலிக்கும் வினை வந்தது. ஆறு மாதத்தில் தொலைபேசி அறையை மூடப்போவதாக ஓர் உத்தரவை ஒட்டினார்கள். இனிப் புகாரெல்லாம் செல்போன் செயலியில். தொலைபேசி அறை ஊழியர்கள் தெருத் தெருவாகப் போய்க் குழாய் பார்க்கும் ஆய்வாளர்கள் ஆவார்கள். அலுவலகமே கார் கொடுக்கும், தாங்களே ஓட்டிப் போக வேண்டும், லைசென்ஸ் கட்டாயம். உடல் காரணத்தால் ஓட்ட முடியாதவர்கள் டாக்டர் சான்று கொடுத்தால் பதிவறையில் இடம் உண்டு. இரண்டும் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை.

பக்கத்து மேசைக்காரி அன்றைக்கு மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. என் பொண்ணுக்கும் உங்கள மாதிரிதான். பட்டன் போட வராது, பந்து பிடிக்க வராது. டாக்டரு பாத்துட்டு டிஸ்ப்ராக்ஸியான்னு சொன்னாரு. மூளை சொல்றது கைகாலுக்குச் சரியாப் போய்ச் சேர மாட்டேங்குதாம். புத்தியில ஒரு குறையும் இல்லையாம். நீங்களும் ஒரு தடவை காட்டுங்களேன்."

கொட்டி அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வழியில் கொட்டாமல் முழுசாகக் கொண்டுபோனாள்.

"நாலு தடவை உன் கண்ணை நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன்," என்றார் கணவர். "பார்வை கல்லு மாதிரி இருக்கு. இப்பல்லாம் சோம்பேறித்தனத்துக்கு வாயில நுழையாத பேரா வெச்சுடறாங்க."

அக்கா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல கண்டவளும் கார் ஓட்டறா. உனக்கு மட்டும் என்ன கேடு? மனசு வெச்சா வரும்டி."

அவர்கள் சொன்னதுகூடப் பரவாயில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பதுதான் கொடுமை. டாக்டரிடம் போகாமல் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

மாஸ்டர் ஐம்பது தாண்டியவர், பெப்பர்மிண்ட் மெல்லுகிறவர், அதிர்ந்து பேசாதவர். பக்கத்து இருக்கையில் ஏறியதும் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருவார். "என் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கு மேடம். ஆபத்துன்னா மட்டும்தான் தொடுவேன், பயப்படாதீங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் மாதம் நரகம். இடது எது என்று தெரிய அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கும்போது தெரு ஓடிவிடும். கிளட்சை விடு, ஆக்ஸிலேட்டரைக் கொடு, கண்ணாடியைப் பார் என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் அவள் உடம்பு எதையுமே செய்யாமல் நின்றுவிடும். குனிந்து பார்க்காவிட்டால் தன் கால் எந்த மிதியில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. வண்டி நடுத்தெருவில் அணையும். பின்னால் ஹாரன் கிழியும். ஒரு நாள் லாரிக்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, அவளுடைய பிறப்பைப் பற்றியே விசாரித்துவிட்டுப் போனான். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்தாவது வாரத்தில் திடீரென்று வண்டி அணைவது நின்றது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. காலுக்கடியில் கிளட்ச் சொன்னபடி இறங்கியது, சொன்னபடி ஏறியது. தன் கால் கடைசியில் தன் பேச்சைக் கேட்டுவிட்டது என்று நினைத்தாள்.

"இப்ப பாருங்க மேடம், வண்டி எப்படிப் போகுதுன்னு," என்றார் மாஸ்டர், தெருவைப் பார்த்தபடியே.

அந்த இரண்டு மாதம் கொட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவு நிலையைப் பார்த்து, "உன்னையும் ஒரு கை பார்க்கிறேன்" என்கிற மாதிரி நடந்தாள். ஒரு சாயங்காலம் நாலு கப் காப்பியைத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள், இரண்டு துளிதான் சிந்தியது. கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, எல்லாம் மனசுல இருக்குன்னு," என்றார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. இத்தனை வருஷம் தான்தான் உடம்பை ஏமாற்றிக்கொண்டிருந்தோம், அக்கா சொன்னது நிஜம், கணவர் சொன்னது நிஜம். அப்படி ஒரு சந்தோஷம், அதற்குள் அப்படி ஒரு வெட்கம்.

தேர்வு நாளில் அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்தில். ஒரு சுற்று, ஒரு திருப்பம், ஒரு மேடு. பாஸ். லைசென்ஸின் நகல் அலுவலகக் கோப்பில் ஏறியது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று அக்கா வந்தாள். கணவர் சொந்தக் காரின் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். கொட்டி ஏறினாள். பக்கத்து இருக்கை காலி.

வண்டி உறுமியது, குதித்தது, அணைந்தது. மறுபடி குதித்தது. பிரேக் என்று நினைத்து எதையோ அழுத்தினாள். வாசல் கேட்டின் தூண் நேராக வந்து விளக்கை நொறுக்கியது.

"லைசென்ஸ் வாங்கினவ ஓட்டற லட்சணமா இது," என்றாள் அக்கா. கணவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையிலேயே மாஸ்டரிடம் போய் நின்றாள். "ரெண்டு மாசம் நல்லா ஓட்டினேனே மாஸ்டர். நேத்து மட்டும் என்ன ஆச்சு?"

அவர் அவளை உட்காரச் சொன்னார். பெப்பர்மிண்டைத் துப்பினார்.

"உங்க காலை நம்பினா வண்டி ரோட்டுலயே நின்னிருக்கும்மா. எல்லாருக்கும் ஆரம்பத்துல கொஞ்சம் கை குடுப்பேன், கால் குடுப்பேன். உங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"எவ்வளவு ஜாஸ்தி?"

"கிளட்ச் முழுக்க நான்தான். பிரேக்கும். திருப்பத்துல ஸ்டியரிங்குல ஒரு விரல். என் மிதியை அழுத்தினா உங்க மிதியும் சேந்தே இறங்கும், அதனால உங்களுக்குத் தெரியலை." தன் பாதத்தைப் பார்த்தார். "நீங்க தினமும் அழுத முகத்தோட வந்தீங்க. வேலை போயிடும்னீங்க. பாவமா இருந்துச்சு."

அவர் செருப்பைக் கழற்றியது ஏன் என்று அப்போதுதான் கொட்டிக்கு விளங்கியது. அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரக்கப்பட்டுக் குழியில் தள்ளியவரை என்ன சொல்லித் திட்டுவது? பள்ளிக்கூட வாத்தியார் அடித்தார், அக்கா பேர் வைத்தாள், யாரும் இந்த அளவுக்கு ஏமாற்றவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது டாக்டர் சான்று ஒன்றுதான். அதற்காக மட்டும் அவள் போகவில்லை. தப்பு தன்மேல் இல்லை என்று யாராவது ஒருவர், படித்த ஒருவர், வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது. பக்கத்து மேசைக்காரி கொடுத்த விலாசத்துக்குத் தனியாகப் போனாள்.

டாக்டர் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார், பென்சில் வயலுக்குள் இறங்கிய மாடு மாதிரிப் போனது. செருப்பு வாரிலிருந்து தொடங்கிச் சைக்கிள் வரைக்கும் கேட்டார்.

"அடையாளமெல்லாம் தெளிவா இருக்கும்மா. சின்ன வயசுலயே பாத்திருக்கணும். இது உங்க கவனக்குறைவு இல்ல."

கொட்டி அங்கேயே அழுதுவிட்டாள். டாக்டர் சான்றுத் தாளை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் தலை நிமிர்ந்தார்.

"லைசென்ஸ் எதுவும் இல்லையே?"

"இருக்கு."

"எப்ப வாங்கினது?"

"போன மாசம்."

பேனா நின்றது. "போன மாசம்தான் நல்லா ஓட்டறாங்கன்னு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்காரு. இந்த மாசம் ஓட்ட முடியாதுன்னு நான் எழுதினா, பொய்ச் சான்று குடுத்தேன்னு என்னைத்தான் பிடிப்பாங்க."

மாஸ்டரின் காலைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் நம்பறேன். ஆனா அவரு அதை எழுதிக் குடுத்தாதான் நான் எழுத முடியும்."

மாஸ்டர் எழுதிக் கொடுப்பாரா? "எழுதினா ஸ்கூலை இழுத்து மூடிட்டு நான் தெருவுல நிக்கணும். என் பிழைப்புல மண்ணைப் போட்டுடாதீங்கம்மா," என்று கும்பிட்டார். எழுதாவிட்டால் தெருவில் நிற்கப்போவது யார் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தொலைபேசி அறை மூடிய அன்று எல்லாருக்கும் கார்ச் சாவி கொடுத்தார்கள். கொட்டி சாவியை மேலதிகாரியின் மேசையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

"லைசென்ஸ் ஃபைல்ல இருக்கும்மா. நான்தானே கை தட்டினேன்."

"அது இருக்கு. எனக்குத் தெரியாது."

மேலதிகாரி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெயில்ல அலையப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க. பதிவறையில போய்க் காத்தாட உக்காரலாம்னு பாக்கறீங்க. இதுக்குப் பேரு திமிரு."

கொட்டி பதினாறு வருஷம் போனில் பேசிய அதே குரலில், ஏறாமல் இறங்காமல் சொன்னாள். "பக்கத்துல வந்து உக்காருங்க சார். நானே காட்டறேன்."

அலுவலகமே ஜன்னலுக்கு வந்துவிட்டது. மேலதிகாரிக்கு இனிப் பின்வாங்கினால் மானக்கேடு. கையை வீசிக்கொண்டு வளாகத்தில் நின்ற காருக்குப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கொட்டி பெல்ட்டை மாட்டினாள், மூன்றாவது தடவையில்தான் மாட்டியது. இடது எது என்று கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்து கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினாள். இந்தத் தடவை அவள் எதையும் மறைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. எதிரே பத்தடியில் சுற்றுச்சுவர்.

மேலதிகாரி கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"காலை உள்ள வைங்க சார். கிளம்பணும்."

அவர் வைக்கவில்லை.

"இல்லன்னா கதவு இடிக்கும் சார்."

"எனக்கு மீட்டிங் இருக்கு," என்று மற்றக் காலையும் இறக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். போகிற போக்கில் ஜன்னல்களைப் பார்த்து, "நல்லாவே நடிக்குது இந்தம்மா," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

உத்தரவு அன்று மாலையே வந்துவிட்டது. வாகனம் ஓட்டத் தெரிந்திருந்தும், தகுதியான உரிமம் பெற்றிருந்தும், வேண்டுமென்றே பணி செய்ய மறுத்ததற்காகப் பணிநீக்கம். கீழே அதே மேலதிகாரியின் கையெழுத்து, மணிமணியாக. கொட்டி அதைக் கோணலாக மடித்தாள், நேராக மடிக்க அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பையில் வைக்கப்போய்க் கீழே போட்டாள். பக்கத்து மேசைக்காரி எடுத்துக் கொடுத்தாள்.

"கண்ணால பாத்துட்டுமா அக்கா, அவரு நம்பலை?"

"நம்பினாரே," என்றாள் கொட்டி. "அதான் காலை உள்ள வைக்கலை."