பக்கத்து சீட்டில் எதிரி

பிரேக் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன கொஞ்சம், ஊருக்கே நீளம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவள் உட்காரும் பக்கத்திலும் காலுக்கு ஒரு பிரேக் உண்டு, அதனால் அந்தப் பெயர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒற்றைக் காரை வைத்துத்தான் மகளை ஆளாக்கினாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். பிரசங்கம் இழுத்தால் ஊரறியக் கொட்டாவி விடுவாள். கடவுளோடும் அவளுக்கு இதே பேச்சுதான். "இந்த மனுஷன் இப்படி அறுக்கிறாரே, நீயாவது வாயை மூடுன்னு சொல்லக்கூடாதா?" என்று திரும்பி வரும் வழியில் மேலே பார்த்துக் கேட்பாள்.

மகள் கால்நடை மருத்துவர். கூடப் படித்த பெண்ணையே காதலித்து, "அம்மா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம், நம்ம சர்ச்சுலயே" என்று ஒருநாள் சமையலறையில் வந்து நின்றாள். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு தண்ணி இல்லாமல் பைபிளும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தேடித் தேடிப் பார்த்துட்டேன்டி. இயேசு இதைப் பத்தி மூச்சே விடல. விருந்துக்கு யாரை விட்டுட்டு வந்தீங்கன்னுதான் திரும்பத் திரும்பக் கேக்கறார். அவருக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்பு. அந்தப் பொண்ணைச் சாப்பிடக் கூட்டிட்டு வா."

போதகர் நல்ல மனுஷன், பிரசங்கத்தை இழுப்பதைத் தவிர வேறு குறை இல்லை. நடத்திவைக்கிறேன் என்றார். ஆனால் சபைக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். கமிட்டித் தலைவர், கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருந்த மருந்துக்கடைக்காரர். பைபிள் அவருக்கு மருந்துச்சீட்டு மாதிரி. எழுதினதை எழுதினபடி அடுத்தவர் கையில் கொடுப்பார், தான் ஒரு மிடறு குடிக்கமாட்டார். விஷயம் காதில் விழுந்ததுமே கூடாது என்று பைபிள் அதிகாரமும் வசனமுமாக அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த சர்ச்சில் ஒரு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு, எதிரிகளுக்காக ஜெபம். ஒவ்வொருவராக எழுந்து தன் எதிரி யார் என்று சொல்ல வேண்டும். பெயர் கூடாது, அடையாளம் போதும். எல்லாரும் "வீட்டு ஓனர்", "பக்கத்து வீட்டு நாய்" என்று பட்டும் படாமல் சொல்லி நழுவிவிடுவார்கள். அன்று டீச்சர் எழுந்து "மருந்துக்கடைக்காரர்" என்றாள். முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து, "கார் ஓட்டச் சொல்லித் தர்ற அம்மா" என்றார். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. அன்று பிரசங்கத்தில் ஒருத்தரும் தூங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கண் மங்கிப்போனது. காலமெல்லாம் அந்த அம்மாதான் வீட்டுக்கு டிரைவர். இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இவர்தான் ஓட்டியாக வேண்டும். ஊரில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூல் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் டீச்சர் வாசலில் வந்து நின்றார். டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் கணக்குப் போட்டாள்: கூடவே இருந்து கரைத்துவிடலாம், மகள் கல்யாணத்துக்கு வழி பிறக்கும்.

அந்த ஸ்கூல் ஏன் கும்பிட்டது என்பது முதல் ரவுண்டானாவிலேயே தெரிந்துவிட்டது. ரவுண்டானாவைக் கண்டதும் மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினார், கண்ணையும் மூடினார். "ஆண்டவரே!"

"ஐயோ, கூப்பின கையைப் பிரிங்க! ஸ்டியரிங்கைப் பிடிங்க!" டீச்சர் பிரேக்கில் ஏறி நின்றாள். "பக்கத்து சீட்ல ஆண்டவர் இல்ல, நான்தான் இருக்கேன்! கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க, அவர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்."

வாரக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். அவரும் தேறிவந்தார். போகும்போது "ரொம்ப நன்றிம்மா" என்றுகூடச் சொன்னார். கரைந்துவிட்டார் என்று டீச்சர் பூரித்துப்போனாள். கமிட்டி கூடியது. பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர் ஓட்டுதான் பாக்கி. "வேண்டாம்" என்றார்.

மகள் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சர்ச் வேண்டாம்மா. நீ கடைசிப் பாடம் எடுக்கற மேட்டு மைதானம் போதும், போதகர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், அங்க வர்றேன்னுட்டார். உன் அருமை எதிரியையும் கூப்பிட்டுக்கோ" என்றாள்.

"நக்கலா?"

"முதல்ல நக்கலாத்தான் சொன்னேன். இப்ப நிஜமாவே சொல்றேன். நாங்க சேர்ந்து நிக்கறதை அவர் கண்ணால பார்க்கட்டும்."

மறுநாள் காலை வழக்கம்போல மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். வெட்கம் கெட்ட மனுஷன்! டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்னப்பா" என்று மேலே பார்த்துச் சீறினாள். "எதிரியை நேசின்னு ஈசியாச் சொல்லிட்டுப் போயிட்ட. உனக்கு ஒரு பொண்ணு இருந்து, அவ இப்படி அழுதிருந்தா அப்பத் தெரிஞ்சிருக்கும்." காரைத் திறந்தாள். "ஏறுங்க."

"வரமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"என் மனசாட்சிப்படிதான் நான்..."

"மனசாட்சியைத் தூக்கிப் பின்சீட்டுல போடுங்க. இண்டிகேட்டர் எங்க?"

ஆஸ்பத்திரி வரை ஓட்டிப் பழகுவதுதான் அன்றைய பாடம். காரை ஒழுங்காக ஓரம் கட்டினார். டீச்சர் அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என் பொண்ணு நேத்து உங்களாலதான் அழுதா. உங்களை நான் மன்னிக்கல. மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பச்சைப் பொய். ஆனா கல்யாணம் நடக்கும், ஊருக்கு வெளிய, மேட்டு மைதானத்துல. அங்க பஸ் போகாது. நீங்களும் உங்க வீட்டம்மாவும் வரணும்னா நீங்கதான் ஓட்டிட்டு வரணும்."

"என்னையா கூப்பிடறீங்க?"

"கூப்பிடறேன். வயிறு எரியுது, கூப்பிடறேன்."

"நான் வரலைன்னா?"

"அது உங்க பாடு. உங்களை ஓட்ட வைக்கிறது என் பாடு."

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் இப்போது வசனத்தை எடுத்துவிடப் போகிறார் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்த மேடு ரொம்பச் செங்குத்தாச்சே" என்றார் அவர், மெதுவாக. "பாதி ஏத்தத்துல நின்னுபோச்சுன்னா வண்டி பின்னால வந்துடுமே. அதை எப்படி எடுக்கறதுன்னு இன்னைக்குச் சொல்லிக் கொடுங்கம்மா."