நிமிர்ந்து மேயும் ஆடு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு, பின்னங்கால்களில் எழும்பி நின்று வேப்பங்கிளையை இழுத்தது. இலை கிழியும் அந்தச் சத்தம் எட்டு வயதில் எனக்குப் பழகியது.

அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. உடையார்பாளையம் பக்கம் எங்கள் செம்மறிகள் வெறும் மண்ணை முகர்ந்துகொண்டு நடந்தன. சில செத்தும் போயின. மிச்சத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விடலாம் என்றார் அப்பா.

"வித்துட்டு வெள்ளாடு வாங்குங்க," என்றாள் அம்மா. "செம்மறி குனிஞ்சு மேயும், தரையில ஒண்ணுமில்ல. வெள்ளாடு நிமிந்து மேயும். மரத்துல தழ இருக்குல்ல?"

"எங்க தாத்தன் காலத்துலேருந்து செம்மறிதான்டி."

"அவங்க காலத்துல மழ பேஞ்சுதுங்க."

சந்தையிலிருந்து வெள்ளாடுகள் வந்தன. மூன்று நாள் அப்பா அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மாதான் ஓட்டிப்போனாள். நான்காம் நாள் காலையில், உயரக் கிளைகளை அறுத்துப் போடுவதற்காக, நீள மூங்கில் கழி நுனியில் அப்பா அரிவாளைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று இருவரும் சேர்ந்தே மேய்க்கப் போனார்கள். நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. என் படிப்பும் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அந்த ஆட்டைப் பார்த்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னடி, ஆபீஸ் நேரத்துல?"

"சும்மாதாம்மா. ஒன் கொரலக் கேக்கணும்னு தோணுச்சு."

"போடி, வேலையப் பாரு," என்று சிரித்தாள். ஆனால் போனை வைக்கவில்லை.